ஆங்கிலம் தெரிந்தால் போதுமென்று எங்களை இருமொழி வகுப்புக்குள் அனுப்பாதீர்கள்: ஆசிரியர் பயிற்சிக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கல்வி அதிகாரிகளுக்கு,

கடந்த மாதம் எமது பாடசாலைக்கு வந்த கடிதமொன்றை அதிபர் என்னிடம் வாசிக்கத் தந்தார். வரும் கல்வியாண்டில் தரம் 6 இல் சில பாடங்களை ஆங்கிலத்திலும் மற்றவற்றைத் தமிழிலும் கற்பிக்கும் ஓர் இருமொழி வகுப்புக்குப் பதிலாக இரண்டு வகுப்புகள் நடத்தப்பட வேண்டும் என்றும், விஞ்ஞானம், கணிதம், புவியியல், சுகாதாரமும் உடற்கல்வியும் ஆகிய பாடங்களுக்கு ‘ஆங்கில அறிவுள்ள’ ஆசிரியர்களை அதிபரே தெரிவுசெய்து பெயர்களை அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. அப்படிப் பெயரிடப்பட்டவர்களுக்கு ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணி முதல் மாலை மூன்றரை மணி வரை செயலமர்வு நடைபெறும் என்றும், அதில் பங்குபற்றியவர்கள் இருமொழிக் கற்பித்தலில் பயிற்சி பெற்றவர்களாகப் பதிவுசெய்யப்படுவர் என்றும் கடிதம் முடிந்திருந்தது. அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் இலங்கையின் வடமாகாணத்தில் பதினான்கு ஆண்டுகளாக இருமொழி வகுப்புகளில் விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். பாடசாலையின் பெயரையோ கல்வி வலயத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. தனியொரு அலுவலகத்தைக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. கிழக்கிலும் மலையகத்திலும் இதே வகுப்புகளை எடுக்கும் நண்பர்களோடு பேசும்போதெல்லாம், ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிவிட்டு என் கதையையே அவர்கள் எனக்குச் சொல்கிறார்கள்.

இருமொழிக் கல்விக்கு நான் எதிரானவள் அல்லள். இந்நாட்டில் 1945 இல் இலவசக் கல்வி வந்தபின் தாய்மொழிவழிக் கல்வி படிப்படியாக எல்லா வகுப்புகளுக்கும் விரிந்தது. கிராமத்துப் பிள்ளைக்குப் பாடசாலைக் கதவைத் திறந்தது அதுதான். பின்னர் 2001 இல் உயர்தர (தரம் 12, 13) விஞ்ஞானப் பிரிவில் ஆங்கிலத்தில் கற்க இடமளிக்கப்பட்டு, 2002 இல் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தரம் 6 முதல் சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் ஏற்பாடு தொடங்கியது. ஆங்கில மொழிமூலம் என்று முதலில் அழைக்கப்பட்ட அந்த ஏற்பாடு பின்னர் இருமொழிக் கல்வி என்று பெயர் பெற்றது. அந்தப் பெயர் மாற்றத்தை நான் மதிக்கிறேன். சமயத்தையும் தாய்மொழியையும் வரலாற்றையும் தமிழில் கற்கும் பிள்ளை, கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் கற்று, இரண்டு மொழிகளிலும் சிந்திக்கத் தெரிந்தவளாக வளர வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெயரில் இருக்கிறது. உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டுப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் முதலாம் ஆண்டு விரிவுரைகளை ஆங்கிலத்தில் கேட்டுத் திகைத்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. ஒளித்தொகுப்பைப் படிப்படியாக விளக்கத் தெரிந்த எனக்கு, அதே விடயம் ஆங்கிலத்தில் சொல்லப்பட்டபோது அது எனக்குத் தெரிந்த விடயந்தான் என்பதை உணரவே பல வாரங்கள் பிடித்தன. என் மாணவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இருமொழி வகுப்பை ஏற்க ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டபோது என்னிடம் இருந்த தகைமை என்ன? என் நியமனக் கடிதத்தில் தமிழ் மொழிமூல விஞ்ஞான ஆசிரியர் என்றுதான் இருக்கிறது. பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் முடித்திருந்தேன். ஆகவே எனக்கு ஆங்கில அறிவு உண்டு என்று கொள்ளப்பட்டது. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தமிழில் முடித்தேன். கல்வி உளவியலும் பாடத்திட்டமிடலும் மதிப்பீடும் அதில் கற்றேன். ஆனால், ஒரு பிள்ளை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மொழியில் அந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானம் கற்பிப்பது எப்படி என்பது பற்றி ஒரு விரிவுரையைக்கூட நான் கேட்டதில்லை. கல்வியியற் கல்லூரிகளில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படித்து பாடசாலையில் ஓராண்டு கட்டுறுபயிலலும் (பயிற்சிப் பணி) முடித்து வந்த என் இளைய சகாக்கள் சிலரிடமும் கேட்டேன். கற்பித்தல் முறைகளை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் அவர்களிடமும் விடை இருக்கவில்லை.

முதல் ஆண்டு நான் செய்தது இதுதான்: ஆங்கிலப் பாடநூலை வாசித்தேன், வாசித்ததை எளிய ஆங்கிலத்தில் மீண்டும் சொன்னேன், விளங்கியதா என்று கேட்டேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் ‘யெஸ் டீச்சர்’ என்றார்கள். வெண்பலகையில் எழுதியதை அழகான எழுத்தில் கொப்பிகளில் எழுதினார்கள். ஐந்தாம் தரத்தில் கேள்வி கேட்டே ஆசிரியரைக் களைப்படையச் செய்த பிள்ளைகள் என்று சொல்லித்தான் அவர்களை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். என் வகுப்பில் ஒரு தவணை முழுவதும் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மௌனத்தை நான் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தவணைப் பரீட்சை வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வினாத்தாளில் ‘ஸ்டேட் டூ புரொப்பர்ட்டீஸ் ஒஃப் வோட்டர்’ என்று ஒரு வினா இருந்தது. நீரின் இரண்டு இயல்புகளைக் கூறுக என்பது அதன் பொருள். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி ‘சொலிட், லிக்குயிட்’ என்று எழுதியிருந்தாள். திண்மம், திரவம். நான் சிவப்புப் பேனையால் குறுக்குக் கோடு போட்டுப் பூச்சியம் இட்டேன். அடுத்த விடைத்தாளிலும் அதே விடை. அதற்கடுத்த சிலவற்றிலும் அதே விடை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களோ என்றுகூட ஐயப்பட்டேன். மறுநாள் அந்த மாணவியை அழைத்துத் தமிழில் கேட்டேன். “நிறமில்லை டீச்சர், மணமில்லை. பாத்திரத்தின்ர வடிவத்தை எடுக்கும்” என்று உடனே சொன்னாள். இரண்டு கேட்ட இடத்தில் மூன்று சொன்னாள். பிறகேன் அப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, “நீங்கள்தானே டீச்சர் ஸ்டேட் எண்டால் சொலிட், லிக்குயிட், காஸ் எண்டு படிப்பிச்சனீங்கள்” என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. சடப்பொருளின் நிலைகளைக் கற்பித்தபோது அந்தச் சொல்லை நிலை என்ற பொருளில் நான்தான் கற்பித்தேன். அதே சொல் வினாத்தாளில் ‘கூறுக’ என்ற பொருளில் வரும் என்பதை நான் கற்பிக்கவில்லை, ஏனெனில் அது கற்பிக்கப்பட வேண்டிய ஒன்று என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானமும் தெரிந்திருந்தது, அந்த ஆங்கிலச் சொல்லும் தெரிந்திருந்தது. அவளுடைய பூச்சியத்துக்குக் காரணம் என் பயிற்சியின்மை.

அன்றிலிருந்து இத்தகைய சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். கணித வகுப்பில் தீர்வாக இருக்கும் ‘சொலியூசன்’ அடுத்த பாடவேளையில் என் வகுப்பில் கரைசலாகிவிடுகிறது. ‘டேபிள்’ மேசையாக இருந்து அட்டவணையாகிறது. ‘வொலியூம்’ என்றால் வானொலியின் சத்தம் என்று வீட்டில் அறிந்த பிள்ளைக்கு அது கனவளவு என்று யாராவது சொல்ல வேண்டும். ‘புரொடக்ட்’ கடையில் விற்கும் பொருள் அல்ல, பெருக்கிவரும் விடை. ‘மீன்’ என்பது பொருள்படுவதல்ல, இடை, அதாவது சராசரி. ‘டிஸ்கிரைப்’ என்பதற்கும் ‘எக்ஸ்பிளெயின்’ என்பதற்கும் வேறுபாடு தெரியாததால், காரணம் கேட்ட வினாவுக்கு நடந்ததை மட்டும் விவரித்துப் புள்ளி இழந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். என் கொப்பியில் இப்போது இருநூறுக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. இதை நான் தனியாக, பிள்ளைகளின் புள்ளிகளைப் பலிகொடுத்து, பதினான்கு ஆண்டுகளில் சேர்த்தேன். ஒவ்வோர் இருமொழி ஆசிரியரும் இதை முதலிலிருந்து தனியாகச் சேர்க்க வேண்டியிருப்பதுதான் என் முறைப்பாட்டின் மையம்.

ஆங்கில விஞ்ஞானப் பாடநூலில் அத்தியாயங்களின் முடிவில் கலைச்சொற்கள் மூன்று மொழிகளிலும் தரப்பட்டுள்ளன. அருமையான ஏற்பாடு அது. அதை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று எந்தச் செயலமர்விலும் எனக்கு ஒருவரும் காட்டியதில்லை. பெரும்பாலான வகுப்புகளில் அந்தப் பக்கம் புரட்டப்படுவதே இல்லை.

இனி, நான் பங்குபற்றிய பயிற்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சென்ற செயலமர்வில் கணிதம், விஞ்ஞானம், புவியியல், உடற்கல்வி ஆசிரியர்கள் ஏறத்தாழ அறுபது பேர் ஒரே மண்டபத்தில் இருந்தோம். பயிற்சியை நடத்திய வளவாளர் அன்பானவர், ஆங்கிலத்தில் மிகுந்த தேர்ச்சியுள்ளவர். காலை முழுவதும் ஆங்கில வினைச்சொற்களின் காலங்களைக் கற்பித்தார். தேநீருக்கும் பணிஸுக்கும் பின்னர் செய்வினை, செயப்பாட்டுவினை. பிற்பகலில், குழுவாகப் பிரிந்து எமக்குப் பிடித்த ஓர் இடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசினோம். பக்கத்தில் இருந்த கணித ஆசிரியை ஒருவர் எழுந்து, “என் வகுப்பில் சமன்பாட்டைத் தந்தால் தீர்க்கிறார்கள், அதையே வசனக் கணக்காகத் தந்தால் பேனையை வைத்துவிடுகிறார்கள், நான் என்ன செய்வது?” என்று கேட்டார். வகுப்பில் ஆங்கிலத்தில் இன்னும் கூடுதலாகப் பேசுங்கள் என்பது விடையாக வந்தது. மூன்றரை மணிக்குச் சான்றிதழுடன் வீடு திரும்பினோம்.

அந்த வளவாளரில் நான் குறைகாணவில்லை. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையை அவர் செம்மையாகச் செய்தார். பயிற்சியைத் திட்டமிட்டவர்கள் இருமொழிக் கற்பித்தல் என்பதை ஆசிரியரின் ஆங்கிலப் பேச்சுத்திறன் என்று எண்ணிவிட்டார்கள் என்பதே தவறு. என் ஆங்கிலம் திருந்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நான் எவ்வளவு சரளமாகப் பேசுகிறேனோ, அவ்வளவு வேகமாக என் பின்வரிசைப் பிள்ளைகள் என்னைவிட்டு விலகிப்போகும் நாள்களும் உண்டு. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தச் சொல்லை முன்கூட்டியே கற்பிப்பது, எந்த இடத்தில் தமிழுக்கு வருவது, வந்தபின் எப்படி ஆங்கிலத்துக்குத் திரும்புவது, பிள்ளையின் விடையில் கருத்துப் பிழையையும் மொழிப் பிழையையும் எப்படிப் பிரித்தறிவது.

தமிழுக்கு வருவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனெனில் எங்களை அதிகம் வருத்தியது அதுவே. சில ஆண்டுகளுக்கு முன் மேற்பார்வைக்கு வந்த ஓர் அதிகாரி, நான் அடர்த்தியைத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இருமொழி வகுப்பில் தமிழ்ப் பயன்பாடு முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டும் என்று மேற்பார்வைக் குறிப்புகள் எழுதும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் எழுதினார். அதற்குக் கீழே நான் ஒப்பமிட்டேன். அடுத்த ஆண்டு வேறோர் அதிகாரி வந்தார். முந்தைய குறிப்புக்குப் பயந்து அன்று முழுவதும் ஆங்கிலத்திலேயே கற்பித்தேன். மாணவர்களுக்குப் பாடம் விளங்கவில்லை, தாய்மொழியைப் பயன்படுத்தி விளக்குவது நன்று என்று அவர் எழுதினார். அதற்குக் கீழேயும் ஒப்பமிட்டேன். இரண்டு குறிப்புகளும் ஒரே புத்தகத்தில் சில பக்கங்கள் தள்ளி இன்றும் இருக்கின்றன. இருவரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். ஆனால் மேற்பார்வை செய்பவருக்கும் கற்பிப்பவருக்கும் பொதுவான ஒரு பயிற்சி இல்லாதபோது, வகுப்பறையில் தாய்மொழியின் இடம் என்ன என்பதை அன்றன்று வருபவரின் அபிப்பிராயமே தீர்மானிக்கிறது. இதன் விளைவாக, என் சகாக்களில் பலர் தமிழைக் குற்ற உணர்வோடு, கதவைச் சாத்திவிட்டுப் பயன்படுத்துகிறார்கள். சொந்த மண்ணில், சொந்தப் பிள்ளைகளுக்கு, சொந்த மொழியில் ஒன்றை விளக்குவதற்கு ஓர் ஆசிரியர் கதவைச் சாத்த வேண்டியிருப்பது எனக்குத் தாங்கமுடியாத வேதனையைத் தருகிறது.

ஆசிரியரின் இயலாமையை மறைக்கத் தமிழ் பயன்படுகிறது என்று கருதுவோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். தாய்மொழியைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவது உலகம் ஏற்றுக்கொண்ட கற்பித்தல் முறை. வேல்ஸில் வெல்ஷ் மொழியும் ஆங்கிலமும் வழங்கும் வகுப்புகளில், ஒரு மொழியில் வாசித்ததை மற்ற மொழியில் பேசவும் எழுதவும் பிள்ளைகளைப் பழக்கும் முறைக்குக் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1994 இல் தனிப் பெயரே இட்டார். கனடாவில் பணியாற்றிய மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கமின்ஸ், குடியேறிய பிள்ளைகள் அன்றாடப் பேச்சு ஆங்கிலத்தை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பெற்றாலும், பாடம் கற்பதற்குரிய ஆங்கிலத்தைப் பெற ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் எடுக்கும் என்று எடுத்துக்காட்டினார். அந்தப் பிள்ளைகள் தெருவிலும் கடையிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம் கேட்டவர்கள். எங்கள் பிள்ளை தரம் 3 இல்தான் ஆங்கிலத்தை முறையான பாடமாகத் தொடங்குகிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பரபரப்பில் கழிகிறது. தரம் 6 இல் இரண்டாம் தேசிய மொழியான சிங்களமும் கூடவே இருக்கிறது. அந்த ஆண்டின் முதல் வாரத்திலேயே ஒரு முழு விஞ்ஞானப் பாடநூலை ஆங்கிலத்தில் அதன் கையில் கொடுக்கிறோம். வீட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோருள்ள பிள்ளை எப்படியோ கரையேறிவிடும். கடற்றொழிலாளியின் பிள்ளையும் தோட்டக்காரரின் பிள்ளையும் ஆசிரியரின் கற்பித்தல் திறமையை மட்டுமே நம்பியிருக்கின்றன. எமது பாடசாலையில் தரம் 6 இல் இருமொழி வகுப்பில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர்வரை தரம் 10 க்கு வருமுன் தமிழ் மொழிமூலத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்புபவர்கள் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. நான்கு ஆண்டுகள் ஆங்கிலத்தில் அரைகுறையாக விளங்கிய விஞ்ஞானத்தை அவர்கள் தமிழில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள், தரம் 11 இன் முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை வாசலில் நிற்கும்போது.

சரியான பயிற்சி எப்படி இருக்கும் என்பதை நான் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். எமது வலயத்தில் சில காலம் பணியாற்றிய சேவைக்கால ஆலோசகர் ஒருவர், அதாவது பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கு வழிகாட்டுபவர், இரண்டு தவணைகள், இரண்டு வாரத்துக்கொருமுறை, என் வகுப்பின் பின்வரிசையில் வந்து அமர்ந்தார். முதல் நாள் பாடம் முடிந்ததும் என் பாடக்குறிப்பைக் கேட்டு வாங்கினார். ‘அடர்த்தியை விளக்குவர்’ என்று எழுதியிருந்தேன். “விளக்குவார்கள் சரி. எந்த வாக்கியத்தால் விளக்குவார்கள்? இந்த நாற்பது நிமிடத்தின் முடிவில் பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டிய ஆங்கில வாக்கியத்தை எழுதுங்கள்” என்றார். நான் எழுதத் தடுமாறினேன். எனக்கே தயாராக இல்லாத வாக்கியத்தைப் பிள்ளைகளிடம் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போது விளங்கியது.

அடுத்த முறை இருவரும் சேர்ந்து அதே பாடத்தை மீண்டும் திட்டமிட்டோம். பாடநூலைத் திறக்கவில்லை. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர், ஒன்றில் மட்டும் நிறைய உப்பு, இரண்டு முட்டைகள். ஒரு முட்டை அடியில் கிடந்தது, மற்றது மிதந்தது. ஏன் என்று ஐந்து நிமிடம் குழுவாகத் தமிழில் பேசச் சொன்னோம். அந்த வகுப்பில் அப்படியொரு இரைச்சலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. “உப்புத் தண்ணி பாரம்”, “இல்லை, முட்டை பாரம் குறைஞ்சிட்டுது”, “அதெப்படி, ரெண்டும் ஒரே முட்டைதானே” என்று வாதாடினார்கள். அவர்கள் சொன்ன சொற்களை வெண்பலகையின் இடப்பக்கம் தமிழில் எழுதினேன். வலப்பக்கம் அவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள். கீழே, ஒன்று மற்றதைவிட அடர்த்தி கூடியது என்று ஒப்பிடும் ஆங்கில வாக்கியத்தின் சட்டகம், நடுவில் இரண்டு வெற்றிடங்களுடன். பிள்ளைகள் முதலில் இருவர் இருவராகச் சொல்லிப் பார்த்தார்கள், பின்னர் எழுதினார்கள். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை வாய்திறக்கக்கூடாது என்று ஆலோசகர் எனக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தார். மூன்று எண்ணுமுன் கை உயர்த்தாத ஒரு பையன் நான்காவதில் கை உயர்த்தினான். அதுவரை என் வகுப்பில் அவன் குரலை நான் கேட்டதே இல்லை. அவன் சொன்ன வாக்கியத்தில் ஓர் இலக்கணப் பிழை இருந்தது. விஞ்ஞானம் சரியாக இருந்தது. புள்ளியிடும்போது இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்த ஆலோசகரிடமே கற்றேன்.

ஆண்டுக்கணக்கில் பெற்ற சான்றிதழ்களைவிட அந்த இரண்டு தவணைகள் எனக்குப் பெரியவை. அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் அந்த இடம் நிரப்பப்படவில்லை. காரணம் கேட்டபோது ஆளணிப் பற்றாக்குறை என்றார்கள். புதிய வகுப்புகளைத் திறக்க அந்தப் பற்றாக்குறை தடையாக இருக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள்களைத் தெளிவாக முன்வைக்கிறேன்.

முதலாவதாக, ஒருநாள் செயலமர்வில் பங்குபற்றியவர்களை இருமொழிக் கற்பித்தலில் பயிற்சி பெற்றவர்களாகப் பதியும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். அந்தப் பதிவு ஏட்டில் இருக்கும்வரை, பயிற்சி தேவைப்படும் ஆசிரியர் எவரும் இல்லை என்றுதான் உங்கள் புள்ளிவிவரம் காட்டும். அடுத்த ஆண்டு நிதி கேட்கவும் உங்களால் முடியாது. புதிய இருமொழி வகுப்புகளை, அவற்றுக்குரிய ஆசிரியர்கள் உரிய பயிற்சி பெறும்வரை ஓராண்டு தள்ளிவையுங்கள். ஏற்கெனவே நடைபெறும் வகுப்புகளைச் சீராக்க அந்த ஓராண்டைப் பயன்படுத்தலாம்.

பயிற்சியைப் பாடவாரியாக நடத்துங்கள். கணித ஆசிரியருக்குக் கணிதம் கற்பித்தவரே வளவாளராக வர வேண்டும். அவர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கற்பித்த அனுபவமுள்ளவராக இருக்க வேண்டும். கல்வியாண்டு தொடங்குமுன் விடுமுறையில் குறைந்தது இரண்டு வாரங்கள், பின்னர் ஒவ்வொரு தவணையிலும் வகுப்பறைக்கே வந்து பார்க்கும் தொடர் வழிகாட்டல் என்று அது அமையட்டும். இதற்கென வலயத்துக்கு ஒருவராவது விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் தனித்தனியே இருமொழி ஆலோசகர்களை நியமியுங்கள். பயிற்சிகளை மாகாணத்துக்குள்ளேயே வையுங்கள். கொழும்புப் பக்கம் சென்று ஒரு வாரம் தங்கிப் பயில வேண்டும் என்றால், சிறு பிள்ளைகளுள்ள ஆசிரியைகளில் பெரும்பாலோர் பெயர் கொடுக்கவே மாட்டார்கள் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

வகுப்பறையில் தமிழ் எப்போது, எதற்காகப் பயன்படுத்தப்படலாம் என்பதை எழுத்தில் வரையறுத்து, மேற்பார்வைக்கு வரும் அதிகாரிகளுக்கும் எங்களுக்கும் ஒரே ஆவணமாகத் தாருங்கள். அதை வரைவதற்கு முன் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களைக் கலந்தாலோசியுங்கள். மேற்பார்வை செய்வோரும் எங்களோடு அதே பயிற்சியில் அமர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இருமொழிப் பாட ஆசிரியரும் அதே வகுப்பின் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து திட்டமிடுவதற்கு வாரத்தில் ஒரு பாடவேளையை நேரசூசியில் ஒதுக்க அதிபர்களுக்கு அனுமதி வழங்குங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. என் வகுப்பில் ஒப்பீட்டு வாக்கியம் தேவைப்படும் வாரத்தில் ஆங்கில ஆசிரியை அதையே தன் பாடத்தில் எடுத்தால் பிள்ளைகளின் சுமை பாதியாகக் குறையும்.

ஆசிரியர் உருவாக்கத்திலும் மாற்றம் வேண்டும். கல்வியியற் கல்லூரிகளிலும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவிலும் விஞ்ஞானம், கணிதம் பயிலும் அனைவருக்கும் இருமொழிக் கற்பித்தலை ஒரு கட்டாய அலகாகச் சேர்க்கும்படி உரிய நிறுவனங்களுக்கு எழுத்தில் பரிந்துரை செய்யுங்கள். கற்பித்தல் பயிற்சியில் சில பாடங்களையாவது இருமொழி வகுப்பில் நடத்தும் வாய்ப்பை அவர்களுக்குக் கொடுங்கள்.

ஆங்கிலம் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக, விருப்பமில்லாத ஆசிரியரை இந்த வகுப்புகளுக்குப் பெயரிட வேண்டாம் என்று அதிபர்களுக்கு அறிவுறுத்துங்கள். அடுத்த ஆண்டுக்காகப் பெயரிடப்பட்டிருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் கடந்த வாரம் ஓய்வறையில் என்னிடம் வந்து, “அக்கா, முதல் நாள் என்ன செய்ய வேணும்?” என்று கேட்டார். என் சொற்கொப்பியைப் பிரதியெடுத்துக் கொடுத்தேன். அதைப் பயிற்சி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இப்போதைக்கு அவருக்குக் கிடைத்திருப்பது அது மட்டுந்தான். அந்தக் கொப்பியை உங்களுக்கும் அனுப்பத் தயாராக இருக்கிறேன். அதைத் திருத்தி, விரித்து, மற்ற ஆசிரியர்களிடம் இருப்பவற்றையும் சேர்த்து, எல்லா இருமொழி ஆசிரியர்களுக்கும் கிடைக்கச் செய்யுங்கள்.

இந்த வேண்டுகோள்களில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்க இயலாது, ஏன் இயலாது என்பதை அடுத்த தவணை தொடங்குமுன் எழுத்தில் அறியத்தாருங்கள். அதற்கு முன் ஒருமுறை என் வகுப்புக்கு வாருங்கள். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை, தரம் 6 விஞ்ஞானம். முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை. பின்வரிசையில் ஆலோசகர் அமர்ந்த கதிரை இன்னும் அங்கேயே இருக்கிறது. நாற்பது நிமிடமும் இருந்து பார்த்துவிட்டு, பாடம் முடிந்தபின் ஏதாவது ஒரு பிள்ளையிடம் அன்று கற்றதை முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
இருமொழி வகுப்பு விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
வடமாகாணம்